பூங்காவின் பூட்டைத் திறக்கச் சொல்வோம், வாருங்கள்



திருப்பூரில், பூங்காவுக்கென ஒதுக்கிய ஒரு ரிசர்வ் சைட்டைச் சுற்றிக் குடியிருக்கும் குடும்பங்கள் நாங்கள். எங்களில் டைலர்கள் உண்டு, செக்கிங் வேலைக்குப் போகும் பெண்கள் உண்டு. ஓய்வு பெற்ற ஆசிரியை, மளிகைக் கடைக்காரர், நாலு மிஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்கிறவர் என்று பலரும் சேர்ந்து இதை எழுதுகிறோம். எந்தக் கட்சியின் சார்பிலும் எழுதவில்லை. நம் ஊர்ப் பூங்காக்கள், இந்த ஊரில் வேலை செய்கிறவர்கள் வரக்கூடிய நேரத்தில் திறந்திருக்க வேண்டும். எங்கள் கோரிக்கை இவ்வளவுதான்.

எங்கள் பூங்கா வாசலில் ஒரு பலகை மாட்டியிருக்கிறது. காலை 5 முதல் 8 வரை, மாலை 5 முதல் 7 வரை. இந்த நேரத்தை நம் ஊர் ஷிப்டோடு வைத்துப் பாருங்கள். காலை எட்டரைக்கு மிஷினில் உட்கார வேண்டும். ஒரு ஷிப்ட் என்றால் மாலை ஐந்தரை. ஆர்டர் அவசரம் என்றால் ஒன்றரை ஷிப்ட், வெளியே வரும்போது மணி எட்டரை தாண்டிவிடும். விடிகாலையில் எழுந்து தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளுக்கு டிபன் கட்டிக் கொடுத்துவிட்டு ஓடுகிற அக்காவால் ஐந்து மணிக்குப் பூங்காவில் நடக்க முடியாது. ஒன்றரை ஷிப்ட் முடிந்து அவர் தெரு முனைக்கு வரும்போது பூங்கா பூட்டிக் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் அவருடைய நாள். அன்றைக்கும் பகல் முழுக்கப் பூட்டுத்தான்.

பூங்காவில் நடக்காவிட்டால் என்ன என்று தோன்றலாம். லைன் வீடுகளை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். பத்துக்குப் பத்து அறை ஒன்று. அதிலேயே அடுப்பு, துணி, பாய், நான்கு பேர். வாசலில் இறங்கினால் அடுத்த வீட்டின் வாசல். கழிப்பறை காம்பவுண்டுக்கே பொது. பிள்ளை ஓடியாட வேண்டும் என்றால் டெம்போவும் டூவீலரும் போகிற தெருவில்தான் ஓட வேண்டும். பத்து மணி நேரம் குனிந்த கழுத்தோடு ஓவர்லாக் ஓட்டிய பெண்ணுக்கு, முதுகை நிமிர்த்தி ஒரு சிமெண்ட் பெஞ்சில் சாய்ந்து உட்காரக்கூட அந்த வீட்டில் இடம் கிடையாது. சொந்த வீட்டில் முற்றமும் மொட்டை மாடியும் இருக்கிறவர்களைவிட, பூங்கா அவருக்குத்தான் அதிகம் தேவை.

பூங்காவுக்குள் இருப்பவற்றையும் சொல்லிவிடுகிறோம். சறுக்கு மரத்தின் தகடு கீழ்முனையில் துருப்பிடித்து, நாக்கு நீட்டியதுபோல் மடங்கி நிற்கிறது. பிள்ளைகள் கடைசி அடியில் காலைத் தூக்கிக்கொண்டு குதிக்கப் பழகிவிட்டார்கள். ஊஞ்சலில் சங்கிலி இருக்கிறது, பலகை இல்லை. உடற்பயிற்சிக் கருவிகளில் கால் வைத்து நடக்கிற கருவியின் பேரிங் இறுகிவிட்டது. ஒரு சொட்டு கிரீஸ் கண்டு எவ்வளவு காலமோ. மிஷினுக்குத் தினமும் ஆயில் விடுகிற ஊரில் இது எங்களுக்கு வேதனையாக இருக்கிறது. கழிப்பறை கட்டி, டைல்ஸ் பதித்து, கதவும் போட்டாயிற்று. அதுவும் பூட்டு. சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுகிறார். பெண்களும் சர்க்கரை நோய் உள்ள பெரியவர்களும் பூங்காவில் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்க மாட்டார்கள் என்றால் காரணம் இதுதான். குடிதண்ணீர்க் குழாயும் திறந்த கழிப்பறையும் இல்லாத பூங்காவைப் பூங்கா என்று எங்களால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இனிச் சொல்வது எங்கள் தெருவுக்குள்ளேயே எழுந்த பேச்சு. ‘திறந்து போட்டால் குடிகாரர்கள் வருவார்கள், பூட்டியே இருக்கட்டும்’ என்கிறவர்கள் எங்களில் உண்டு. அவர்களுடைய பயத்தை நாங்கள் தள்ளிவிடவில்லை. ஆனால் காலையில் உள்ளே போய்ப் பார்த்தால் பாட்டில் கிடக்கிறது. பூட்டியிருக்கும்போதே கிடக்கிறது. குடிக்கிறவன் காம்பவுண்ட் சுவர் ஏறிக் குதித்துவிடுவான். ஏழு வயதுப் பிள்ளையால் குதிக்க முடியாது. இத்தனை காலமும் அந்தப் பூட்டு தடுத்தது பிள்ளையைத்தான். விளக்கு எரிந்து, எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் குடும்பங்கள் உள்ளே உட்கார்ந்திருந்தால், அங்கே பாட்டிலைத் திறக்க யாரும் துணிய மாட்டார்கள். ஆள் நடமாட்டத்தைவிட நல்ல காவல் பூங்காவுக்குக் கிடையாது.

இன்னொரு பேச்சும் வரும், வெளிப்படையாகவே சொல்கிறோம். ‘இந்திக்காரப் பசங்க கூட்டமாக வந்து உட்காருகிறார்கள்.’ பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து, ஓர் அறையில் ஏழெட்டுப் பேராகத் தங்கி, நம் ஆர்டர்களை முடித்துக் கொடுக்கிற பிள்ளைகள் அவர்கள். ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் உட்கார்ந்து அம்மாவிடம் போனில் பேசுகிறார்கள். தவறு செய்கிறவனை, எந்த ஊர்க்காரனாக இருந்தாலும், தட்டிக் கேட்போம். உட்கார்ந்திருப்பதையே குற்றமாகப் பார்க்க வேண்டாம். மதுரைப் பக்கமிருந்தும் தேனிப் பக்கமிருந்தும் மஞ்சள் பையோடு வந்து இறங்கிய குடும்பங்கள்தானே நம்மில் பாதிப் பேர்? நேரப் பலகையை இந்தியிலும் எழுதி வைப்போம்.

ஒரு சின்னப் பூங்காவுக்கு ஏன் இவ்வளவு பேச்சு என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2011-ல் 15 வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளும் எட்டு ஊராட்சிகளும் சேர்ந்து நம் மாநகராட்சி 60 வார்டுகளாக விரிந்தது. அந்த எல்லைக்குள் அந்த ஆண்டு மக்கள்தொகை 8,77,778. நகரங்களில் ஒருவருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்கின்றன மத்திய அரசின் 2014 நகரத் திட்டமிடல் வழிகாட்டி நெறிகள். குறைந்த அளவை வைத்துக்கொண்டாலே 2,100 ஏக்கருக்கு மேல் வருகிறது. அவ்வளவு நிலத்துக்கு இனி நாம் எங்கே போவது? ஆகவே இருபது செண்ட், முப்பது செண்ட் என்று அங்கங்கே கிடக்கிற ரிசர்வ் சைட் ஒவ்வொன்றும் நமக்குப் பொக்கிஷம். நஞ்சராயன் குளம் இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். 2022-ல் பறவைகள் சரணாலயமாகவும், 2024-ல் ராம்சார் தலமாகவும் அது ஆனதில் ஊருக்கே பெருமை. உள்ளூர் இயற்கை ஆர்வலர்கள் விடாமல் காத்த குளம் அது. பறவைக்கு அங்கே அமைதி வேண்டும். பிள்ளைகள் கத்தி விளையாட வேறு இடம் வேண்டும்.

உங்கள் வீட்டுப் பத்திரப் பையை ஒருமுறை திறந்து பாருங்கள். அப்ரூவ்டு லேஅவுட் என்றால் அதன் வரைபட நகல் பெரும்பாலும் உள்ளே இருக்கும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மிச்ச நிலத்தில் பத்து சதவீதத்தைப் பூங்காவுக்கும் விளையாட்டுக்கும் ஒதுக்கி, தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. அந்த நிலத்துக்கும் சேர்த்துத்தான் நாம் மனைக்கு விலை கொடுத்திருக்கிறோம். வரைபடத்தில் பூங்கா என்று இருக்கிற இடத்தில் இன்றைக்கு என்ன இருக்கிறது என்று நடந்து போய்ப் பாருங்கள். கார் செட்டோ, குடோனோ, வழியில்லாத முள்வேலியோ இருந்தால் எழுத்து மூலம் கேளுங்கள். பூங்காக்களையும் விளையாட்டுத் திடல்களையும் காப்பதற்கென்றே தமிழகத்தில் 1959-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்ததை எதிர்த்து அந்தப் பகுதிக் குடியிருப்போர் வழக்குப் போட்டார்கள். அந்த ஒதுக்கீடு செல்லாது என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேட்டவர்கள் நம்மைப் போன்ற தெருக்காரர்கள்.

கம்பெனி வைத்திருக்கும் அண்ணன்மாருக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். கட்டிங் வேஸ்ட் மூட்டைகளைத் தயவுசெய்து பூங்காச் சுவரோரம் இறக்காதீர்கள். இரவில் யாரோ கொளுத்திவிடுகிறார்கள். பாலியஸ்டர் கலந்த துணி எரிகிற புகையில் லைன் வீட்டுக் குழந்தைகள் விடியும்வரை இருமுகின்றன. வேஸ்ட் வாங்குகிற வியாபாரிகள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். பூங்காவுக்கு உதவ நினைக்கிற பெரிய நிறுவனங்கள் வாசலில் பெயர் போட்ட வளைவு கட்டித் தர வேண்டாம். கழிப்பறையைச் சுத்தம் செய்கிற ஒருவருக்கு மாதச் சம்பளத்தை ஏற்றுக்கொண்டால் அதுவே பெரிய உபகாரம். கட்டடம் கட்டுவதற்குப் பணம் எங்கிருந்தாவது வந்துவிடுகிறது. பராமரிக்கத்தான் வருவதில்லை. நமக்கு நாமே திட்டத்தில் செலவில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு தருகிறது. அதற்கு எங்கள் தெருவில் வசூல் தொடங்கிவிட்டோம்.

உங்கள் வார்டில் அடுத்து நடக்கும் பகுதி சபைக் கூட்டத்துக்கு லேஅவுட் நகலோடு வாருங்கள். வேலை நாளில் வைத்தால், ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றும்படி இப்போதே மனுக் கொடுங்கள். இரவு பத்து வரையும் ஞாயிறு முழு நாளும் பூங்கா திறந்திருக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும், கழிப்பறைச் சாவி யாரிடம் என்பது வாசல் பலகையில் எழுதியிருக்க வேண்டும் என்று கேட்போம். கம்பெனிக்குப் போகிற அக்காமாரையும் தங்கைமாரையும் கையோடு அழைத்து வாருங்கள். எந்த நேரம் வேண்டும் என்பதை அவர்களே எழுந்து சொல்லட்டும்.

இப்படிக்கு,
ரிசர்வ் சைட்டைச் சுற்றிக் குடியிருக்கும் குடும்பத்தார்,
திருப்பூர்