கீழ்ப்படிதலும் அடிபணிதலும்



எல்ல, தெமோதரைப் பக்கத்துத் தோட்டங்களில் கீழ்ப்படிதலைப் பற்றிப் போதிக்கும் குருவானவர் சற்றுத் தயக்கத்துடனேயே வாய் திறக்க வேண்டியுள்ளது. தப்புச் சத்தத்துக்கு எழுந்து, பிரட்டுக்களத்தில் வரிசையாய் நின்று, கங்காணிக்கும் துரைக்கும் தலைகுனிந்தோரின் பரம்பரை இது. பிந்தி வந்தவருக்கு அன்றைய பேர் இல்லை. அப்படி உழைத்தவர்களையே 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. இம்மக்களிடம் சென்று ‘கீழ்ப்படியுங்கள்’ என்றால், கடவுளையும் இன்னொரு துரையாகவே அவர்கள் எண்ணக்கூடும்.

தமிழில் இச்சொல்லுக்குள்ளேயே ‘கீழ்’ என்பது அமர்ந்திருக்கிறது. திருச்சபையின் இலத்தீன் மொழியிலோ அது ‘செவிமடுத்தல்’ என்னும் வேரிலிருந்து பிறந்தது. தண்டனைக்கு அஞ்சிக் குனிவது அடிபணிதல். அன்பு செய்பவரின் குரலைக் கேட்டு எழுவது கீழ்ப்படிதல். கெத்சமனியில் ஆண்டவர், துன்பக் கிண்ணம் தம்மைவிட்டு அகல வேண்டுமென்று முதலில் மன்றாடினார். அதன் பின்னரே தந்தையின் சித்தத்துக்குத் தம்மைக் கையளித்தார். துரையிடம் அப்படிக் கேட்டுவிட முடியுமா?

இதனை வாழ்ந்து காட்டியவர் புனித யோசப் வாஸ் அடிகளார். ஒல்லாந்தர் ஆட்சியில் குருக்களின்றித் தவித்த இலங்கைக் கத்தோலிக்கரிடம் செல்ல வேண்டுமென்பதே அவரது வேட்கை. ஆயினும் 1681இல் கோவாவின் திருச்சபைத் தலைமை அவரைக் கன்னடக் கரைக்கு அனுப்பியது. முணுமுணுப்பின்றிச் சென்று மூன்று ஆண்டுகள் பணியாற்றினார். அதே மனிதர்தாம் 1687இல், கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்த ஒல்லாந்தரின் சட்டத்தை மீறி, கூலிக்காரர் வேடத்தில் தூத்துக்குடியிலிருந்து கடல் கடந்தார். (மன்னார் வழியே நடந்து மலையேறிய நம் முன்னோரின் கோலமும் அதுவே.) 1692இல் கண்டியில் போர்த்துக்கேய ஒற்றரெனச் சந்தேகிக்கப்பட்டுச் சிறையிடப்பட்டார். 1697இல் அங்கு பெரியம்மை பரவி, பலரும் நோயாளரைக் கைவிட்டு ஓடியபோது, எவருடைய கட்டளையும் இன்றி நகரில் தங்கி அவர்களைப் பராமரித்தார். தலைமை சொன்னபோது பணிந்ததும் ஒல்லாந்தர் தடுத்தபோது மீறியதும் ஒரே குரலுக்குச் செவிசாய்த்ததன் விளைவே. 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

இன்று இதை எழுதக் காரணம் உண்டு. சாதாரண தரத்தில் சித்தியெய்திய மகளை உயர்தரம் படிக்கவிடாது, கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பும் தகப்பன், அவள் மறுத்தால் நான்காம் கட்டளையைச் சுட்டிக்காட்டுகிறார். வறுமை அவரை நெருக்குகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் நெருக்குவது வறுமை, கடவுளல்ல. தமது இயலாமைக்கு இறைவனின் பெயரைச் சூட்ட எந்தப் பெற்றோருக்கும் உரிமையில்லை. எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் ஆறாம் அதிகாரத்தில், பிள்ளைகளுக்குரிய அறிவுரையை அடுத்தே, பிள்ளைகளுக்குச் சினமூட்ட வேண்டாமெனத் தந்தையருக்கும் பவுலடிகளார் எழுதுகிறார். இவ்வாரக் குடும்பச் செபத்தில் அவ்விரு பகுதிகளையும் சேர்த்தே வாசியுங்கள். இரண்டாவதை மகளே உரக்க வாசிக்கட்டும்.