அக்கிக்குக் காவி எழுதும் முன்...

விருத்தாசலம் என்றால் பீங்கான் ஞாபகம் வரும். அதை ஒட்டிய மங்கலம்பேட்டை போன்ற ஊர்களில் மண்ணுக்கு இன்னொரு வேலையும் உண்டு. அக்கி வந்தால் பலரும் முதலில் தேடிப் போவது டாக்டரை அல்ல, மண்பாண்டம் செய்பவரை. செங்காவியைக் குழைத்து, கொப்புளம் கண்ட இடத்தில் எழுதிவிடுவார். இரண்டு மூன்று வாரத்தில் அக்கி இறங்கிவிடும். திடமான உடம்பில் அது தானாகவே அந்தக் காலத்துக்குள் ஆறிவிடும் என்பது வேறு விஷயம். பெயர் காவிக்குப் போகிறது!

மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவருக்கு இந்தக் கணக்கு செல்லாது.

இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1971-ல் வேலூர் சி.எம்.சி.யில் நடந்தது. இன்று முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே இந்த சிகிச்சை கிடைக்கிறது. ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்புகிறவர், புதுச் சிறுநீரகத்தை உடல் ‘அந்நியன்’ என்று விரட்டாமலிருக்க டாக்ரோலிமஸ், மைக்கோபினோலேட், ஸ்டீராய்டு என்று தினமும் மாத்திரை சாப்பிட வேண்டும். இவை நோய் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி உட்கார வைக்கின்றன. அந்த நேரம் பார்த்து, உள்ளே ஒளிந்திருந்த வைரஸ்கள் எழுந்துகொள்கின்றன.

அக்கி அப்படிப்பட்டதுதான். சின்ன வயதில் வந்துபோன சின்னம்மையின் வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்பின் வேரில் தூங்குகிறது. விழித்தால் முதலில் ஒரு பக்கமாக எரிச்சல், குத்தல். ‘வாயுப் பிடிப்பு’ என்று தைலம் தேய்ப்பார்கள். சில நாட்கள் கழித்தே கொப்புளம் வரிசை கட்டும். மாற்றுச் சிறுநீரகக்காரருக்கு அது ஓரிடத்தில் நிற்காமல் உடம்பெங்கும் பரவலாம், நுரையீரலையும் தொடலாம். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் கண்ணுக்கே ஆபத்து. கொப்புளம் தெரிந்து 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்து தொடங்குவது நல்லது. தாமதமாகிவிட்டாலும் போகாமல் இருக்கக் கூடாது. அந்த மருந்தின் அளவையும் சிறுநீரகம் வேலை செய்யும் திறனைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள் என்பதால், மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடுகிற சமாச்சாரம் அல்ல இது.

அடுத்தது மரு. வலிக்காது, அதனால் யாரும் சட்டை செய்வதில்லை. விரலில் ஒன்று வந்து, ஒரு வருடத்தில் கை முழுக்கப் பெருகிவிடும். சுண்ணாம்பு வைப்பது, எருக்கம்பால் தடவுவது, முடியால் கட்டி அறுப்பது எல்லாம் இவர்களுக்குப் புண்ணையும் சீழையும்தான் தரும். தோல் டாக்டர் திரவ நைட்ரஜனால் உறைய வைத்து எடுப்பார். வேகமாக வளர்கிற, ரத்தம் கசிகிற, ஆறாத மருவை மட்டும் ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது. புற்றுநோயா என்று திசுப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டியிருக்கும்.

தோலில் ஏதோ வந்துவிட்டதே என்று பயந்து, எதிர்ப்புச் சக்தி மாத்திரையைத் தாமாகவே நிறுத்துகிறவர்களும் உண்டு. மருவுக்குப் பயந்து சிறுநீரகத்தையே இழப்பது என்ன நியாயம்? அளவைக் குறைப்பதோ மாற்றுவதோ சிறுநீரக டாக்டரின் வேலை.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒன்று. சின்னம்மை வந்திராதவருக்கு மாற்று சிகிச்சை செய்திருந்தால், வாசலில் வேப்பிலை செருகிய வீட்டுக்கு அவரை நலம் விசாரிக்க அனுப்பாதீர்கள். போய் வந்துவிட்டால், கொப்புளம் வருகிறதா என்று காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள்.