தெரபி அறைக்குள் பெற்றோருக்கு இடம் வேண்டும்

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம், பல்லாவரம் என்று தென்சென்னைப் புறநகரின் பல தெருக்களில் இன்று 'தெரபி சென்டர்' பலகைகள் தொங்குகின்றன. ஸ்பீச், ஓ.டி. (ஆக்குபேஷனல் தெரபி), பிஹேவியர் தெரபி என்று வரிசையாக எழுதியிருக்கும். ஆட்டிசம் உள்ள மூன்று வயதுக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறும் தாய்க்கு அந்தப் பலகை பெரிய ஆறுதல். ஆனால் பல இடங்களில் அவர் அறைக்குள் போக முடிவதில்லை. "நீங்க இருந்தா அழுவான், வெளியே உட்காருங்கம்மா" என்பார்கள். முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறக்கும். "சிட்டிங் டாலரன்ஸ் நல்லா வந்திருக்கு" என்று, அதாவது எழாமல் உட்காரப் பழகிவிட்டான் என்று, ஒரு வரி கிடைக்கும்.

அந்த முக்கால் மணி நேரத்தில் குழந்தை எப்படி உட்கார வைக்கப்பட்டது என்பதைத் தெரிந்துகொள்ளப் பெற்றோருக்கு உரிமை உண்டு. இதைச் சந்தேகப் புத்தி என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது. நடத்தை சிகிச்சையின் (பிஹேவியர் தெரபி) வரலாறே அப்படிக் கேட்கச் சொல்கிறது.

கலிஃபோர்னியாவின் லாஸ் ஏஞ்சலிஸில் உளவியலாளர் ஐவார் லோவாஸ் 1960-களில் இந்தச் சிகிச்சையைத் தொடங்கியபோது குழந்தைகளை அதட்டினார்கள், அறைந்தார்கள், மின்னதிர்ச்சியும் கொடுத்தார்கள். 1965-ல் 'லைஃப்' பத்திரிகை அதைப் படங்களோடு வெளியிட்டது. 1987-ல் லோவாஸ் வெளியிட்ட ஆய்வுதான் உலகம் முழுக்கப் பேசப்பட்டது: வாரம் 40 மணி நேரம் சிகிச்சை பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் சாதாரணப் பள்ளியில் முதல் வகுப்பை முடித்தார்கள். அந்த ஆய்வில்கூட உரக்க அதட்டுவதும் தொடையில் அடிப்பதும் முறையின் பகுதியாகவே இருந்தன. இத்தகைய சிகிச்சையில் வளர்ந்து பெரியவர்களான ஆட்டிசம் உள்ளவர்கள் பலர், கண்ணைப் பார்க்கவும் கையை ஆட்டாமல் இருக்கவும் கற்றுக்கொண்டோம், கூடவே பயத்தையும் கற்றுக்கொண்டோம் என்று சொல்லிவருகிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்காமல் இந்தத் துறை முன்னே போக முடியாது. கேட்கத் தொடங்கியும் விட்டது.

நான்கு வயதுப் பையன் ஒருவன், புதிர்ப் பலகையை முன்னால் வைத்ததும் தன் கையைக் கடிக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் கையை இறக்கிப் பிடித்து, வேலை முடியும்வரை எழ விடமாட்டார்கள். நடத்தைப் பகுப்பாய்வாளர் கிரெகரி ஹேன்லி போன்றவர்கள் வளர்த்தெடுத்த இன்றைய முறையில், கடிப்பதற்கு முன்னால் என்ன நடந்தது, கடித்த பிறகு என்ன கிடைத்தது என்று முதலில் பார்க்கிறார்கள். பலகை வந்தால் கடிக்கிறான், போனால் அடங்குகிறான். 'எனக்கு வேண்டாம்' என்று சொல்ல அவனிடம் வேறு வழி இல்லை. ஆகவே புதிரை ஓரமாக வைத்துவிட்டு, 'போதும்' என்ற அட்டையைத் தொடக் கற்றுக்கொடுக்கிறார்கள். தொட்ட மறு நொடி பலகை நகர வேண்டும். பத்துத் தடவை தொட்டால் பத்துத் தடவையும் நகர வேண்டும். தன் பேச்சு எடுபடுகிறது என்று அவன் நம்பிய பிறகுதான், 'இன்னும் ஒரு துண்டு, அப்புறம் விளையாடலாம்' என்று காத்திருப்பை மெல்லச் சேர்ப்பார்கள். நடுவில் அவன் எழுந்து போக நினைத்தால் கதவு திறந்தே இருக்கும்.

இது செல்லம் கொடுப்பது ஆகாது. பொறுமையும் பயிற்சியும் கேட்கும் கடினமான வேலை. அந்த அட்டை வீட்டுச் சமையலறையிலும் பாட்டி முன்னாலும் செல்லுபடியாக வேண்டும் என்றால், அது எப்படிக் கற்றுக்கொடுக்கப்பட்டது என்பதைத் தாய் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்.

பெற்றோர் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று உண்டு. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வு 2016-ல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் வந்தது. நிபுணர் அல்லாத பணியாளர்கள், பெற்றோர் குழந்தையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, அதைப் பெற்றோருடன் உட்கார்ந்து பார்த்து வழிகாட்டினார்கள். குழந்தையின் போக்கை ஒட்டிப் பெற்றோர் பதில் சொல்வது கூடியது. குழந்தை தானாகவே தாயிடம் வருவதும் கூடியது. இருவரும் ஒரே பொருளில் கவனம் வைக்கும் நேரம் மட்டும் குறைந்தது. எல்லாமே சரியாகிவிடவில்லை. ஆனாலும் அங்கே பெற்றோரை யாரும் வெளியே உட்கார வைக்கவில்லை.

முட்டுக்காட்டில் 2005 முதல் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகள் தேசிய நிறுவனம் இயங்குகிறது. சோழிங்கநல்லூரில் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில அரசின் 'விழுதுகள்' மையம் வந்திருக்கிறது. இரண்டும் நல்ல வரவுகள். ஆனால் வண்டலூர், கேளம்பாக்கம் என்று சுற்றிக்கொண்டு வாரம் மூன்று நாள் முட்டுக்காடு போய்வர, வேலைக்குப் போகும் தாம்பரத்துத் தாயால் முடியுமா? பக்கத்துத் தெரு மையம்தான் அவருக்குக் கதி. அந்த மையத்தைத்தான் அரசு ஒழுங்குக்குக் கொண்டுவர வேண்டும்.

அதற்குப் புதிதாகச் சட்டம் எதுவும் இயற்ற வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அவர்களுக்கான நிறுவனங்கள் மாநில அரசிடம் பதிவு பெற வேண்டும் என்கிறது. 2021-ம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டம், நடத்தைப் பகுப்பாய்வாளர்களையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பதிவுச் சான்றிதழின் நிபந்தனைகளாக மூன்றை எழுதிவிடலாம்: பெற்றோர் எந்த செஷனையும் நேரிலோ கண்ணாடி வழியாகவோ பார்க்கலாம், குழந்தையை வலிக்கச் செய்வதும் பட்டினி போடுவதும் பூட்டி வைப்பதும் கூடாது, சிகிச்சையின் இலக்கு என்ன, அது குழந்தைக்கு எப்படி உதவும் என்பதைத் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

சில குழந்தைகள் தாயைப் பார்த்தால் அழும், கவனம் சிதறும் என்று மையங்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதற்குத்தான் கண்ணாடி, அதற்குத்தான் கேமரா. குளிர்சாதன வசதிக்கும் வண்ண விரிப்புக்கும் செலவு செய்யும் மையத்துக்கு இது பாரமாக இருக்காது. செங்கல்பட்டு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் அடுத்த முறை பதிவைப் புதுப்பிக்கும்போதே இதைத் தொடங்கிவிடலாம்.