ஒலியைக் கொன்று உயிரைக் காப்பார்களாம்!

2018ஆம் ஆண்டில், ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ‘ஈரநில நகரம்’ என்னும் பட்டம் பெற்ற 18 நகரங்களுள் கொழும்பும் ஒன்று. அப்பட்டத்தைத் தேடித் தந்த சதுப்பு நிலங்கள் எவ்வாறு காக்கப்படுகின்றன? எல்லைக் கல் நடுகின்றார்கள். பெயர்ப் பலகை நாட்டுகின்றார்கள். மரம் நட்டுப் படம் பிடிக்கின்றார்கள். ஆனால், அந்நிலத்தின் ஓசையைக் காக்க வேண்டுமென்று எண்ணுவோர் எத்தனை பேர்?

“தவளை கத்தினால் என்ன, கத்தாவிட்டால் என்ன?” என்று நகைப்போர் உளர். அவர்களுக்குச் சொல்வோம். 2012இல், அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், சாலையே இல்லாத காட்டிடை ஒலிபெருக்கிகளை வைத்து, வாகன இரைச்சலை ஒலிக்கச் செய்தனர் ஆய்வாளர். ஒரு மரமும் வீழவில்லை. ஒரு வண்டியும் ஓடவில்லை. ஆயினும் இரைச்சல் ஒலித்த நாட்களில் பறவைகளின் தொகை காற்பங்குக்கு மேல் குறைந்தது! அதற்கு மறுதலையாக, ஆஸ்திரேலியக் கடலில் சிதைந்துபோன முருகைக்கற்பார்களின் அருகே, நலமுள்ள பாரின் ஓசையை ஒலிக்கவிட்டபோது, இருமடங்கு மீன்கள் வந்து சேர்ந்தன என்று 2019இல் வெளியான ஆய்வு கூறுகின்றது. இரைச்சல் உயிர்களை விரட்டுகின்றது; இயற்கையின் ஓசையோ அவற்றை அழைத்துக் குடியேற்றுகின்றது. இதைவிடச் சான்று வேறு வேண்டுமோ?

உழவர் பெருமக்களுக்கு இது புதிதன்று. கும்மிருட்டிலே, வரப்போரம் எலி அசையும் சலசலப்பைக் கேட்டே கூகை பாய்ந்து பிடிக்கின்றது. ஆண் தவளையின் குரல் கேட்டே பெண் தவளை துணை தேடி வருகின்றது. குரல் அமிழ்ந்தால் இனம் பெருகுவது எங்ஙனம்? பூச்சியை உண்பதற்குத் தவளை ஏது?

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என 2007இல் உயர் நீதிமன்றம் பணித்தது. வெள்ளவத்தையில் காலி வீதி பஸ்களின் அலறலுக்கும், கொட்டாஞ்சேனையில் துறைமுக லொறிகளின் உறுமலுக்கும் நடுவே வாழும் நம்மவர், உறக்கத்தின் அருமையை நன்கு அறிவர். மனிதன் நீதிமன்றப் படியேறினான்; நீதி பெற்றான். நாரையும் கொக்கும் எப்படியேறும்?

“நகரமென்றால் இரைச்சல் இருக்கத்தான் செய்யும், வளர்ச்சியைத் தடுக்காதீர்” என்பது அடுத்த வாதம். வளர்ச்சியை நாம் தடுக்கவில்லை. பெல்லன்வில–அத்திடிய சரணாலயத்தின் ஓரமும், பெத்தகான ஈரநிலப் பூங்காவின் ஓரமும் மெய்யாகவே அமைதி வலயங்களாகட்டும். அவற்றின் அருகே இரவில் கனரக வண்டிகள் செல்வதும், காரணமின்றி ஹோன் அடிப்பதும் நிற்கட்டும் என்றே கேட்கின்றோம். இதற்குக் கோடிக் கணக்கில் பணம் வேண்டுமா? வேண்டியது மனம் ஒன்றே!

சதுப்பு நிலத்தை வரைபடத்தில் வைத்துக்கொண்டு, அதன் குரல்வளையை நெரிப்பது காவலாகாது. குரலிழந்த நிலத்தில் நாளை உயிரும் இராது. எஞ்சுவது பட்டமும் பலகையுமே!