பென்ஸ் காருக்குப் பின்னால் இரண்டு பெண்கள்

கார் விஷயம் என்றதும், "இது நமக்கில்லை, வீட்டு ஆண்பிள்ளைகளுக்கு" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! இந்த வாரக் கதை முழுக்க முழுக்க உங்களுடையதுதான்.

கல்யாண மண்டபத்து வாசலில் ஒரு பென்ஸ் கார் வந்து நின்றால் போதும். மணப்பெண்ணைப் பார்க்க வந்தவர்கள்கூட ஒரு நிமிஷம் அதைத் திரும்பிப் பார்த்துவிடுகிறார்கள். மூக்கின் மேல் மூன்று முனை நட்சத்திரம், பளபளவென்று மேனி. "மெர்சிடிஸ் பென்ஸ்" என்று பெயரைச் சொன்னாலே பணமும் பதவியும் கண்முன் வந்து நிற்கின்றன. அந்தப் பெயரில் இரண்டு பாதி இருக்கிறது அல்லவா? ஒரு பாதி ஒரு சிறுமியின் பெயர். மறு பாதி, ஒரு பெண் தன் சீதனத்தைக் கொடுத்துத் தூக்கி நிறுத்திய புருஷனின் பெயர்.

முதலில் மறு பாதியைப் பார்ப்போம்.

ஜெர்மனியில் போர்ட்ஸ்ஹைம் என்று ஓர் ஊர். அங்கே வசதியுள்ள ஒரு தச்சுத் தொழில் குடும்பத்தில் 1849-ம் ஆண்டு மே 3-ந் தேதி பிறந்தவள் பெர்த்தா. "ஐயோ, மறுபடியும் பெண்தானா!" என்கிற பொருளில் குடும்ப பைபிளில் அவள் பிறப்பைக் குறித்து வைத்திருந்தார்களாம்; சிறுமியாக இருந்தபோது பெர்த்தா அதைப் படித்துவிட்டாள் என்று சொல்வார்கள். நம் ஊர்ப் பாட்டிமார்களின் பெருமூச்சு ஜெர்மனியிலும் உண்டு போலிருக்கிறது!

அவள் மனத்துக்குப் பிடித்தவர் கார்ல் பென்ஸ். (பெயரிலேயே கார் இருக்கிறது, பாருங்கள்!) ரயில் என்ஜின் ஓட்டியவரின் மகன். சின்னஞ்சிறு வயதிலேயே தகப்பனாரை இழந்தவர். கையில் வித்தை இருந்தது, காசு இல்லை. 1871-ல் மான்ஹைம் நகரில் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து பட்டறை போட்டார். கூட்டாளி சரியாக அமையவில்லை. அவரை விலக்க வேண்டுமானால் பணம் வேண்டும். எங்கே போவது?

பெர்த்தா தகப்பனாரிடம் போய்த் தன் சீதனப் பணத்தைக் கல்யாணத்துக்கு முன்பே கேட்டு வாங்கினாள். அது கூட்டாளியின் கணக்கைத் தீர்க்கப் போயிற்று. பட்டறை கார்லுக்கு வந்தது. 1872 ஜூலையில் கல்யாணம் நடந்தது.

இங்கே ஒரு வார்த்தை. வரதட்சிணை நல்ல வழக்கம் என்று நான் வக்கீல் பிடிப்பதாக எண்ண வேண்டாம். நம் நாட்டில் 1961-ல் அதற்குத் தடைச் சட்டமே வந்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் மிரட்டிப் பிடுங்கும் பணம் வேறு; ஒரு பெண் தன் பங்கைத் தானே கேட்டு வாங்கி, தனக்கு நம்பிக்கையுள்ள தொழிலில் போடுவது வேறு. பெர்த்தா செய்தது இரண்டாவது.

அதன் பிறகு பாலும் தேனும் ஓடியதா? அதுதான் இல்லை. கடன் தொல்லை, குழந்தைகள், ஓடாத யந்திரம். 1879-ம் ஆண்டின் கடைசி நாள் இரவு, சாப்பாடு முடிந்ததும், "வாருங்கள், பட்டறைக்குப் போய் இன்னொரு தடவை பார்க்கலாம்" என்று புருஷனைக் கிளப்பிக்கொண்டு போனவள் பெர்த்தாதான். அன்று யந்திரம் ஓடிவிட்டது! இருவரும் அதன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றார்கள்.

குதிரை இல்லாமல் ஓடும் மூன்று சக்கர வண்டிக்கு 1886 ஜனவரி 29-ந் தேதி கார்ல் பென்ஸ் பேட்டண்டு உரிமைக்கு மனுப்போட்டார். மோட்டார் காரின் பிறந்த நாள் என்று உலகம் கொண்டாடுவது அந்தத் தேதியைத்தான். ஆனால் வண்டியை வாங்கத்தான் ஆளில்லை. தெருவில் வேடிக்கை பார்த்தவர்கள் உண்டு. சிரித்தவர்கள் அதைவிட அதிகம். கார்லோ கூச்ச சுபாவி. இன்னும் கொஞ்சம் சீர்திருத்தலாம், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று பட்டறைக்குள்ளேயே இருந்தார்.

பெர்த்தாவுக்குப் பொறுமை போய்விட்டது. 1888 ஆகஸ்டு மாதம் ஒரு நாள் விடியற்காலை, புருஷனிடம் சொல்லாமல் வண்டியை வெளியே தள்ளினாள். கூட யார்? 15 வயது யூஜனும் 13 வயது ரிச்சர்டும். எங்கே பயணம்? வேறெங்கே, பிறந்த வீட்டுக்குத்தான்! மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அதுவரை மோட்டார் வண்டியில் அவ்வளவு தூரம் யாருமே போனதில்லை.

வழியில் பெட்ரோல் தீர்ந்தது. பங்க் ஏது அந்தக் காலத்தில்? வீஸ்லோக் என்ற ஊரில் மருந்துக் கடையில் ஏறி, துணிக்கறை போக்க விற்கும் லிக்ராயின் என்ற திரவத்தை வாங்கி ஊற்றினாள். பட்டுப் புடவையில் கறைபட்டால் நாம் பெட்ரோல் தொட்டுத் துடைப்பதில்லையா? அதே ஜாதிச் சரக்குத்தான். உலகத்தின் முதல் பெட்ரோல் பங்க் தங்களுடையது என்று அந்த மருந்துக் கடை பெருமை கொண்டாடுகிறது.

பெட்ரோல் வரும் குழாயில் அடைப்பு. தொப்பியில் குத்தியிருந்த நீண்ட ஊசியை எடுத்துக் குத்திச் சரி செய்தாள். மின்சாரக் கம்பியின் உறை தேய்ந்து தொந்தரவு கொடுத்தது. காலுறை நழுவாமல் கட்டும் பட்டையைக் கழற்றி அதன் மேல் சுற்றினாள். சங்கிலிக்கு ஒரு கொல்லர் கை கொடுத்தார். மரக்கட்டை பிரேக் தேய்ந்துபோனதும், செருப்புத் தைப்பவர் ஒருவரிடம் தோல் வாங்கி அதன் மேல் அடிக்கச் சொன்னாள். மேட்டில் வண்டி ஏறாதபோது பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். பொழுது சாய்கிற நேரத்துக்கு ஊர் போய்ச் சேர்ந்து, புருஷனுக்குத் தந்தி அடித்தாள்.

சில நாள் கழித்துத் திரும்பி வந்தவள் வெறுங்கையோடு வரவில்லை. மேடேற இன்னொரு கியர் வேண்டும், பிரேக்குக்குத் தோல் உறை வேண்டும் என்று குறை நிறைகளைச் சொன்னாள். கார்ல் அவற்றைச் சேர்த்தார். கார் வாங்குகிறவன் எங்கே அவஸ்தைப்படுவான் என்பதைப் பட்டறையில் உட்கார்ந்தபடி தெரிந்துகொள்ள முடியுமா? ஓட்டிப் பார்த்தவளுக்குத் தெரிந்தது. நூற்றாண்டு முடிவதற்குள் உலகிலேயே மிக அதிகமாகக் கார் செய்யும் கம்பெனியாகிவிட்டது பென்ஸ்.

இனி முதல் பாதி. ஸ்டட்கர்ட் பக்கத்தில் காட்லீப் டெய்ம்லர் என்பவரும், அவருடைய வலக்கையாக இருந்த வில்ஹெல்ம் மேபாக் என்பவரும் தனியே மோட்டார் செய்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கார்களை வாங்கி விற்றவர் எமில் ஜெலினெக் என்ற பணக்காரர். பிரான்சில் நீஸ் நகரத்தில் வாசம். அவருடைய செல்ல மகள் பெயர் மெர்சிடிஸ். 1889-ல் பிறந்தவள். ஸ்பானிஷ் மொழியில் அந்தச் சொல்லுக்குக் கருணை என்று பொருள். மகளின் பெயரில் அவருக்கு அப்படியொரு மோகம். பந்தயத்தில் கலந்துகொள்ளும்போது தம் பெயரையே "மெர்சிடிஸ்" என்று கொடுப்பார்!

1900-ல், "தாழ்வாக, நீளமாக, வேகமாக ஒரு கார் செய்து கொடுங்கள், 36 கார் எடுத்துக்கொள்கிறேன், ஆனால் என் பெண்ணின் பெயரை வைக்க வேண்டும்" என்று பேரம் பேசினார். மொத்தம் 5,50,000 மார்க். மேபாக் செய்து கொடுத்த அந்தக் கார் 1901 மார்ச்சில் நீஸ் பந்தயங்களைத் தூக்கிக்கொண்டு போயிற்று. 1902-ல் "மெர்சிடிஸ்" சட்டப்படி பதிவான பெயராயிற்று.

அந்தப் பெண்ணுக்குக் காரில் ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. அவளுடைய ஆசை சங்கீதம். இரண்டு கல்யாணம், முதல் உலகப் போருக்குப் பிறகு கஷ்ட ஜீவனம். 1929-ல் வியன்னாவில், 39-வது வயதில் கண்ணை மூடினாள். அவள் பெயரைச் சுமந்த கார்கள் மட்டும் ராஜாக்களின் அரண்மனைகளில் நின்றன.

பணவீக்கத்தில் ஜெர்மனி தத்தளித்த பிறகு, 1926 ஜூனில் இரண்டு கம்பெனிகளும் ஒன்றாயின. டெய்ம்லரின் நட்சத்திரமும் பென்ஸின் இலை வளையமும் சேர்ந்து ஒரே முத்திரையாயின. நட்சத்திரத்தின் மூன்று முனைகளும் தரை, தண்ணீர், ஆகாயம் மூன்றையும் குறிக்கும்.

பெயர் என்பது விளம்பரத்தில் வருவதல்ல, நடத்தையில் வருவது. அதனால் கறையையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஹிட்லர் பவனி வந்தது இந்தக் கம்பெனியின் கார்களில்தான். 1944-ல் அங்கே வேலை செய்த 63,610 பேரில் ஏறக்குறைய பாதிப் பேர் கட்டாய உழைப்பாளிகள், போர்க் கைதிகள், வதை முகாம்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். கம்பெனி நாற்பது வருஷம் போல் இதைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை. 1980-களில்தான் சரித்திர ஆசிரியர்களைக் கொண்டு ஆராயச் செய்தது. 1988-ல் 2 கோடி மார்க் நிதி கொடுத்தது. கொடுத்த பணம் பட்ட பாட்டுக்கு ஈடாகுமா? ஆகாது. ஆனாலும் மறைத்து வைப்பதைவிட ஒப்புக்கொள்வது மேல்.

நல்ல பெயருக்கும் நியாயமான காரணம் உண்டு. பேலா பாரென்யி என்ற என்ஜினீயர் 1951-ல் ஒரு யோசனை சொன்னார்: காரின் முன்னும் பின்னும் மோதலில் நசுங்கட்டும், நடுவில் ஆட்கள் இருக்கும் இடம் மட்டும் கெட்டியாக இருக்கட்டும். பீங்கான் சாமானைச் சுற்றி வைக்கோல் வைத்து அடுக்குகிறோமே, அந்த யுக்தி! 1959-ல் அது காரில் வந்தது. இன்று எல்லாக் கம்பெனிகளும் பின்பற்றுகின்றன. எத்தனை வீட்டு விளக்குகள் அதனால் அணையாமல் இருக்கின்றனவோ!

1997-ல் ஒரு தலைகுனிவு. சுவீடன் நாட்டுப் பத்திரிகைக்காரர்கள், குறுக்கே மான் வந்தால் எப்படி வண்டியைத் திருப்புவார்களோ அப்படித் திருப்பிப் பார்த்தபோது, புதிய சிறிய பென்ஸ் கவிழ்ந்தே விட்டது! கம்பெனி முதலில் சமாளிக்கப் பார்த்தது. பிறகு விற்பனையை நிறுத்தி, சறுக்கலைத் தடுக்கும் மின்னணுக் கருவியை எல்லாக் கார்களிலும், விற்ற கார்களிலும்கூட, பொருத்திக் கொடுத்தது. பெயர் தப்பியது.

நமக்கும் அந்த நட்சத்திரம் புதிதல்ல. 1954 முதல் 1969 வரை டாட்டா கம்பெனி ஜாம்ஷெட்பூரில் செய்த லாரிகள் அந்த முத்திரையோடுதான் ஊர் ஊராக நெல்லும் சிமெண்டும் சுமந்தன. 2012-ல் சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலையும் வந்துவிட்டது.

பெர்த்தாவை மறந்துவிடவில்லை. கார்ல் 1929-ல் காலமானார். நொடித்துப்போன நாட்களிலும் தம்மை விட்டு விலகாமல் துணை நின்றவள் மனைவி ஒருத்திதான் என்று தம் வரலாற்றில் எழுதி வைத்துவிட்டுப் போனார். கார்ல்ஸ்ரூஹே சர்வகலாசாலை பெர்த்தாவுக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது. எப்போது தெரியுமா? 1944 மே 3-ந் தேதி, அவளுடைய 95-வது பிறந்த நாளன்று. இரண்டே நாளில், மே 5-ந் தேதி, அவள் போய்விட்டாள். அவள் போன பாதைக்கு அவள் பெயரை வைத்தது 2008-ல்.

நம் குடும்பங்களிலும் எத்தனை பெர்த்தாக்கள்! கடை ஆரம்பிக்க வளையலைக் கழற்றிக் கொடுத்தவர். அச்சகம் போட அட்டிகையை அடகு வைத்தவர். பட்டறைக் கணக்கை அடுப்படியில் உட்கார்ந்து எழுதியவர். பெயர்ப் பலகையில் மட்டும் "அன்ட் சன்ஸ்" என்று இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு, வீட்டிலுள்ள பெரியவர்களிடம், "நம் தொழிலுக்கு முதல் பணம் யாருடையது?" என்று கேட்டுப் பாருங்கள். பதிலைக் குழந்தைகளும் கேட்கட்டும். அந்தப் பாட்டியோ அம்மாவோ கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போதே கேட்டுவிடுங்கள். 95 வயது வரை காக்க வைக்காதீர்கள்!