பாவு தீருமுன் பிணைக்க வேண்டும்: நாட்டின் எரிபொருள் கையிருப்பு குறித்து எங்கள் நிலைப்பாடு

எங்கள் ஊரான தெள்ளாருக்கு வரலாற்றில் இடம் வாங்கித் தந்தது ஒரு போர். ஒன்பதாம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்ம பல்லவன் பாண்டியரை இங்கே முறியடித்துத் ‘தெள்ளாறெறிந்த நந்திவர்மன்’ என்று பெயர் பெற்றான். இன்று எங்கள் மண்ணில் யாரும் வாள் எடுத்து வருவதில்லை. ஆனாலும் போர் எங்களை வந்து தொடுகிறது. 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் பன்னிரண்டு நாள் மோதிக்கொண்டபோது, ஹார்முஸ் நீரிணையை மூட ஈரான் நாடாளுமன்றம் ஒப்புதல் தந்தது. உலகம் அன்றாடம் செலவழிக்கும் எண்ணெயில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கடந்து போகும் வாய்க்கால் அது. அன்று நீரிணை மூடப்படவில்லை. மூடியிருந்தால் நாடு எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்ற கேள்வியை எங்கள் சங்கக் கூட்டத்தில் ஒரு நெசவாளர் எழுப்பினார். அதற்குப் பதில் தேடியதில் பிறந்ததுதான் இந்த அறிக்கை.

நாங்கள் தெள்ளார் வட்டாரத்தில் பட்டு நெய்பவர்களும் நெல், மணிலாக் கடலை பயிரிடுபவர்களும் சேர்ந்த சங்கம். எண்ணெய்த் துறை வல்லுநர்கள் அல்ல. ஆனால் எண்ணெய் நின்றால் முதலில் நிற்பது எங்கள் தொழில் என்பது எங்களுக்குத் தெரியும். பெங்களூரு பக்கத்திலிருந்து பட்டு நூலும் சூரத்திலிருந்து சரிகையும் லாரியில் வருகின்றன. தை அறுவடைக்கு நெல் அறுக்கும் இயந்திரம் டீசலில் ஓடுகிறது. அதன் மணி வாடகை டீசல் விலையோடு சேர்ந்தே ஏறும், விலை இறங்கினால் மட்டும் கூடவே இறங்குவதில்லை. நெய்து மடித்த சேலை ஆரணிக்கும் காஞ்சிபுரத்துக்கும் போவது பஸ்ஸிலும் டூவீலரிலும்தான்.

எங்கள் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்தியாவின் அவசரகால எண்ணெய்க் கையிருப்பு போதாது. அதைத் தொண்ணூறு நாள் அளவுக்கு உயர்த்த வேண்டும். கச்சா எண்ணெயாக மட்டும் வைத்திருந்தால் போதாது. டீசலாகவும் சமையல் எரிவாயுவாகவும், உள்நாட்டு மாவட்டங்களுக்கு எட்டும் இடத்திலும் வைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, அந்தக் கையிருப்பை யார், எப்போது, யாருக்காகத் திறப்பது என்பதை நாடாளுமன்றம் சட்டமாக எழுத வேண்டும்.

தறி தெரிந்தவர்களுக்குக் கையிருப்பு ஏன் வேண்டும் என்பதை விளக்குவது எளிது. தறியில் பாவு, அதாவது நீளவாட்டு இழைகள், முடியும் தறுவாயில் அதை ஒரேயடியாக அறுத்து எடுத்துவிட மாட்டோம். அச்சிலும் விழுதிலும் பழைய இழைகள் நிற்கும்போதே, புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பழைய நுனியோடு சேர்த்து விரலால் முறுக்கிப் பிணைப்போம். சாம்பலைத் தொட்டுக்கொண்டு பெண்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான இழைகளைப் பிணைப்பதை எங்கள் வீடுகளில் யார் வந்தாலும் பார்க்கலாம். பழைய இழை முழுவதும் உருவிப் போய்விட்டால் விழுதில் ஒரு தரம், அச்சில் ஒரு தரம் என்று ஒவ்வொரு இழையையும் மறுபடி கோக்க வேண்டும். அத்தனை நாளும் தறி நிற்கும், கூலி நிற்கும். பழைய பாவில் மிச்சம் நிற்கும் அந்த ஒரு சாண் இழைதான் தொழில் அறுந்துபோகாமல் காக்கிறது. ஒரு நாட்டுக்கு எண்ணெய்க் கையிருப்பு அந்த ஒரு சாண்.

இப்போது நம் கையில் எவ்வளவு இருக்கிறது? கையிருப்புக்காகவே 2004இல் ‘இந்தியன் ஸ்ட்ராடஜிக் பெட்ரோலியம் ரிசர்வ்ஸ் லிமிடெட்’ என்ற அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. விசாகப்பட்டினத்தில் 13.3 லட்சம் டன், மங்களூரில் 15 லட்சம் டன், உடுப்பி அருகே பாதூரில் 25 லட்சம் டன் என மூன்று இடங்களில் பாறையைக் குடைந்து சேமிப்பறைகள் கட்டினார்கள். மொத்தம் 53.3 லட்சம் டன். 2019-20ஆம் ஆண்டின் தேவையை வைத்துப் பார்த்தால் இது ஒன்பதரை நாளுக்கு வரும் என்று அரசே சொல்கிறது. எண்ணெய் நிறுவனங்கள் தங்கள் தொட்டிகளிலும் குழாய்களிலும் வைத்திருப்பதைச் சேர்த்தால் 74 நாள் என்ற கணக்கும் உண்டு.

இந்த 74ஐ அப்படியே நம்பிவிடக் கூடாது என்று நினைக்கிறோம். நிறுவனங்களின் இருப்பில் பெரும்பகுதி அன்றாடம் ஓடிக்கொண்டிருக்கும் சரக்கு. குழாயில் நிற்கும் எண்ணெய் குழாய் வேலை செய்யத் தேவை. சுத்திகரிப்பு ஆலைத் தொட்டியின் அடியில் கிடப்பது ஆலை ஓடத் தேவை. அதைக் கையிருப்பு என்பது, தறியில் ஏறியிருக்கும் பாவையும் சேர்த்து ‘வீட்டில் இரண்டு பாவு இருக்கிறது’ என்று சொல்வதைப் போன்றது. இன்னொன்று, கொள்ளளவு வேறு, இருப்பு வேறு. ஏரிப்பாசனத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. கோடையில் எங்கள் ஏரிகளின் கொள்ளளவு குறைவதில்லை, தண்ணீர்தான் இருப்பதில்லை. ஒன்பதரை நாள் என்ற கணக்கும் பழைய செலவை வைத்துப் போட்டது. வண்டிகள் பெருகப் பெருக, அதே பாறையறை குறைந்த நாட்களுக்குத்தான் வரும்.

பாறைக்குள் எண்ணெயை வைப்பது நல்ல முறை என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. சுற்றியுள்ள பாறை வெடிப்புகளில் நிலத்தடி நீரின் அழுத்தம் எண்ணெயின் அழுத்தத்தைவிடக் கூடுதலாக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். அதனால் நீர்தான் உள்ளே கசியும், எண்ணெய் வெளியே போகாது. கசிந்த நீரை அடியிலிருந்து இறைத்துவிடுவார்கள். பூமிக்கு மேல் தொட்டி வைத்தால் என்ன ஆகும் என்பதைச் சென்னை நூறு ஆண்டுகளுக்கு முன்பே பார்த்துவிட்டது. 1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மனியின் எம்டன் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகள் மீது குண்டு வீசியது. எண்ணெய் பற்றி எரிந்தது. ஊரை விட்டு மக்கள் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். அந்தப் பயம் இன்றும் தமிழில் ‘எம்டன்’ என்ற சொல்லாக நிற்கிறது. யாரையாவது ‘சரியான எம்டன்’ என்று நாம் சொல்லும்போதெல்லாம் அந்த எண்ணெய்த் தொட்டிகள் எரிகின்றன.

ஆனால் தொட்டியோ பாறையறையோ இருப்பதாலேயே ஒரு நாடு பாதுகாப்பாகிவிடாது. இதைச் சொல்ல எங்களுக்கு மிகப் பக்கத்தில் ஓர் உதாரணம் இருக்கிறது. திருகோணமலையில், சீனக்குடாவில், ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்க் குதங்கள் 99 இன்றும் நிற்கின்றன. 2022 ஜனவரியில் அவற்றை இலங்கை அரசு நிறுவனமும் இந்தியன் ஆயிலின் இலங்கைக் கிளையும் பிரித்தும் சேர்ந்தும் நடத்த ஒப்பந்தம் போட்டார்கள். அந்த ஆண்டிலேயே இலங்கையில் எரிபொருள் தீர்ந்தது. பங்க் வாசலில் வரிசையில் நின்றபடியே முதியவர்கள் உயிர்விட்டார்கள். மண்ணெண்ணெய் கிடைக்காமல் வடக்கில் மீன்பிடிப் படகுகள் கரையில் கிடந்தன. ஜூன் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசு அறிவித்தது. பிறகு கியூஆர் குறியீடு காட்டி வாரத்துக்கு இத்தனை லிட்டர் என்ற பங்கீடு வந்தது. குதங்கள் இருந்தன, அவற்றை நிரப்ப டாலர் இல்லை. ஒவ்வொரு வண்டிக்கும் எவ்வளவு, யாருக்கு முதலில் என்ற விதியை நெருக்கடி கழுத்தைப் பிடித்த பிறகுதான் எழுதினார்கள். நம் மொழி பேசும் மக்கள் அந்த வரிசையில் நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்து வருந்தியதோடு நாம் நிறுத்திக்கொள்ளக் கூடாது.

நமக்கும் அந்த அனுபவம் இல்லாமல் இல்லை. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்தபோது எண்ணெய் விலை ஏறியது. அந்நியச் செலாவணி கரைந்து, 1991 ஜூலையில் ரிசர்வ் வங்கியின் ஏறத்தாழ 47 டன் தங்கத்தை லண்டனுக்கு அனுப்பி அடகு வைக்க வேண்டி வந்தது. வீட்டு நகையை அடகுக் கடையில் வைத்துப் பழகிய குடும்பங்களுக்கு அந்தச் செய்தி வேறு யாருக்கும் புரியாத விதத்தில் புரிந்தது.

2020 ஏப்ரல், மே மாதங்களில் அரசு செய்த ஒரு காரியத்தைப் பாராட்டுகிறோம். கொரோனாவால் உலகமே முடங்கிக் கச்சா எண்ணெய் விலை தரைக்கு வந்தபோது, பீப்பாய் சராசரியாக 19 டாலர் அளவில் வாங்கிப் பாறையறைகளை நிரப்பினார்கள். சுமார் 5,000 கோடி ரூபாய் மிச்சம் என்று நாடாளுமன்றத்தில் தெரிவித்தார்கள். விளைச்சல் காலத்தில் நெல்லை வாங்கிக் குதிரில் கொட்டும் குடும்பத்தலைவியின் புத்தி அது. ஆனால் அதே மே மாதத்தில் மத்திய அரசு கலால் வரியைப் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் கூட்டியது. தமிழ்நாடு அரசும் தன் பங்குக்கு மதிப்புக்கூட்டு வரியை ஏற்றியது. தறிகள் நின்று, கல்யாணங்கள் தள்ளிப்போய், சேலை வாங்க ஆளில்லாத மாதம் அது. எண்ணெய் மலிந்ததன் பலன் பாறைக்குள் போனது, கருவூலத்துக்குப் போனது, எங்கள் வாசலுக்கு வரவில்லை.

2021 நவம்பரில் அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா முதலிய நாடுகளோடு சேர்ந்து, விலையைத் தணிப்பதற்காக 50 லட்சம் பீப்பாய் விடுவிப்பதாக இந்தியா அறிவித்தது. அது சரியா தவறா என்று இங்கே வாதாட வரவில்லை. அவசரத்துக்கு என்று சேர்த்ததை விலைக்காகத் திறக்கலாமா, திறந்தால் எப்போது திரும்ப நிரப்புவது என்று முன்கூட்டியே எழுதி வைத்த விதி எது என்றுதான் கேட்கிறோம். அமெரிக்கா 1975இல் கையிருப்பை உருவாக்கியபோதே அதற்கொரு சட்டத்தையும் இயற்றியது. நம் ஊர் ஏரியில் மதகைத் திறப்பது ஒருவர் விருப்பத்துக்கு விட்ட காரியமல்ல. எந்த மடை முதலில், கடைமடைக்கு எந்த நாள் என்பது ஆயக்கட்டுக்காரர் எல்லாருக்கும் தெரியும். தவறினால் ஊர் கேட்கும். 53 லட்சம் டன் கொள்ளளவுள்ள எண்ணெய்க் கையிருப்புக்கு அந்த அளவு ஒழுங்காவது வேண்டும்.

எனவே சட்டத்தில் நாங்கள் கேட்பவை இவை. கையிருப்பில் உண்மையாக எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொதுவில் வெளியிட வேண்டும். மருத்துவமனை, ஆம்புலன்ஸ், அரசுப் பேருந்து, அறுவடை, மீன்பிடி ஆகியவற்றுக்கு எந்த வரிசையில் எரிபொருள் என்பதை நெருக்கடி வருமுன்பே எழுதி வைக்க வேண்டும். திறந்தால் எத்தனை மாதத்துக்குள் நிரப்ப வேண்டும் என்ற கெடு இருக்க வேண்டும். வரிசை எழுதும்போது சிறுதொழிலைக் கடைசி மடையில் தள்ளிவிடக் கூடாது.

தொண்ணூறு நாள் என்பது நாங்கள் கற்பனையில் எட்டிய எண் அல்ல. 1973 எண்ணெய்த் தடைக்குப் பிறகு, 1974இல் உருவான சர்வதேச எரிசக்தி முகமை தன் உறுப்பு நாடுகளுக்கு வைத்த அளவு அது. நிகர இறக்குமதியில் தொண்ணூறு நாள். இந்தியா 2017 முதல் அதன் இணை உறுப்பினர், ஆகவே அந்தக் கட்டாயம் நமக்கில்லை. தேவையான கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கு மேல் வெளியிலிருந்து வாங்கும் நாடு, கட்டாயம் இல்லாவிட்டாலும் அந்த அளவை எட்ட வேண்டும். ஒடிசாவின் சண்டிகோலிலும் பாதூரிலும் மேலும் 65 லட்சம் டன்னுக்கு 2021இல் ஒப்புதல் கிடைத்தது. அதை விரைந்து முடிக்க வேண்டும். நிலம் கொடுப்பவர்களின் கிணறுகளுக்கும் வயல்களுக்கும் முழுப் பொறுப்பேற்று, கிராம சபையில் ஒப்புதல் பெற்றே முடிக்க வேண்டும். எங்கள் பாதுகாப்புக்காக உடுப்பியில் ஒரு தென்னந்தோப்பு பறிபோவதை நாங்கள் விரும்பவில்லை.

கச்சா எண்ணெயை யாரும் வண்டியில் ஊற்ற முடியாது. சென்னை மணலியில் உள்ள சுத்திகரிப்பு ஆலை ஒரு வெள்ளத்தால் நின்றுவிட்டால், பாதூரில் உள்ள எண்ணெய் எங்களுக்கு உதவாது. ஜெர்மனியில் 1978இல் உருவான கையிருப்பு அமைப்பு டீசலையும் பெட்ரோலையும் கூடச் சேமிக்கிறது, நாட்டின் பல பகுதிகளில் பரப்பி வைக்கிறது. ஜப்பான் சமையல் எரிவாயுவுக்கே தனியாக நிலத்தடிக் கிடங்குகள் கட்டியிருக்கிறது. இந்தியாவில் செலவாகும் சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் இறக்குமதி. சிலிண்டர் வராத மாதம் எங்கள் பெண்கள் மறுபடி விறகு தேடிப் போவார்கள். நூலைக் காய்ச்ச, சாயம் போட, சோறு ஆக்க என்று ஒரே விறகடுப்பின் புகைக்குள் பாதி வாழ்நாளைக் கழித்தவர்கள் எங்கள் தாய்மார்கள். அந்த இருமல் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அதனால்தான் எரிவாயுக் கையிருப்பை இந்த அறிக்கையில் டீசலுக்குச் சமமாக வைக்கிறோம்.

கடைசியாக, எரிக்காத டீசலும் கையிருப்புதான். திண்டிவனத்திலிருந்து வந்தவாசி, செய்யாறு, ஆரணி வழியாக நகரிக்குப் போகும் ரயில் பாதை 2006-07ஆம் ஆண்டு ரயில்வே பட்ஜெட்டில் இடம்பெற்றது. அன்று பிறந்த குழந்தைகள் வளர்ந்து ஓட்டுப் போடும் வயதையும் தொட்டுவிட்டார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் ரயில் இன்னும் ஓடவில்லை. நூலும் நெல்லும் மணிலாவும் ஆட்களும் அத்தனையும் டீசலிலேயே நகர்கின்றன. அந்தப் பாதையை எரிசக்திப் பாதுகாப்புத் திட்டமாகவே கணக்கில் எடுத்து நிதி ஒதுக்க வேண்டும் என்று ரயில்வே அமைச்சகத்தைக் கேட்டுக்கொள்கிறோம்.

இந்த அறிக்கையைப் பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு அமைச்சகத்துக்கும் தமிழ்நாடு முதலமைச்சருக்கும் அனுப்புகிறோம். ஆரணி மக்களவைத் தொகுதி உறுப்பினர் இதை நாடாளுமன்றத்தில் எழுப்ப வேண்டும் என்று நேரில் கேட்கப் போகிறோம். அக்டோபர் 2 கிராம சபையில் எங்கள் ஊராட்சிகளில் இதைத் தீர்மானமாக வைப்போம். டீசலோ எரிவாயுவோ இல்லாமல் ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை நாள் தறி ஓடும், எத்தனை நாள் அடுப்பு எரியும் என்ற கணக்கை வீடு வீடாக எழுதி, அந்தத் தீர்மானத்தோடு இணைப்போம்.