நீளக் குழலின் மயக்கம்

குழல் நீண்ட துவக்கே நல்ல துவக்கு என்ற எண்ணம் எங்கள் பக்கத்தில் ஆழ வேரூன்றியது. கொடிகாமத்துத் தென்னந்தோப்புகளில் பழகிய கண்ணுக்கு அது நியாயமாகவே தோன்றும். ஆனால், ஏ-9 வீதியால் ஆனையிறவைக் கடந்து வன்னிக் காட்டுக்குள் இறங்கினால் கதை வேறு. அடர்ந்த பற்றைகளுக்கிடையே பன்றி கண்ணில் படுவதே 30, 40 மீற்றர் தூரத்தில்தான். குழல் நீண்டால் குண்டின் வேகம் கூடும் என்பது உண்மை. அந்தத் தூரத்துக்கு அவ்வேகம் எதற்கு? கொடியிலும் கொப்பிலும் குழல் சிக்குவதுதான் மிச்சம்.

பிரித்தானியர் 1944 இல் .303 லீ-என்பீல்ட் துவக்கைச் சுமார் 5 அங்குலம் குறுக்கி, புதிதாக ஒன்றைச் செய்தனர். 'ஜங்கிள் கார்பைன்' என்று பெயர் பெற்ற அது, பின்னர் மலாயாக் காடுகளிலும் பாவனையில் இருந்தது. குறுக்கியதற்கு விலை இல்லாமலில்லை: தோளில் பலத்த உதை, காதைப் பிளக்கும் ஓசை, வாய்முனையில் தீச்சுவாலை. அச்சுவாலையை மறைக்கவே முனையில் புனல் போன்றதொரு கூம்பைப் பொருத்தினர்.

ஆகவே, காட்டுக்கு 20 அங்குலம் போதும் என்பது என் கட்சி. எனினும், அனுமதிப்பத்திரத்தோடு பயிர் காக்கும் கமக்காரரைப் பற்றியே இவ்வளவும் சொல்கிறேன். இரும்புக் குழாயை மரத்தில் பிணைத்து, பாதைக்குக் குறுக்கே கம்பி இழுத்துவிட்டு வீட்டில் நித்திரை கொள்பவருக்கு நீளமென்ன, குறுக்கமென்ன? அந்தக் கட்டுத்துவக்குக்குப் பன்றியும் ஒன்றுதான், விறகு பொறுக்கப் போன பெண்ணும் ஒன்றுதான்.